மற்றவை நேரில்

மேஜை இழுப்பறையில் ஒரு கட்டுத் தாள் கிடக்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலையில் வாங்கியது. இருபத்தைந்து தாள், அதே நிறத்தில் இருபத்தைந்து உறை. வாங்கிப் பதினொரு வருஷம் ஆகிறது. இதுவரை செலவானது மூன்றே தாள். இரண்டில் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்தேன். மூன்றாவதை மகள் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்கு வெட்டி ஒட்டிவிட்டாள். அவளாவது எதற்கோ பயன்படுத்தினாள்.

எப்போதாவது இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துத் தடவிப் பார்ப்பேன். கத்தி படாத விளிம்பு, பிசிறு பிசிறாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே நூல் ஓடுவது தெரியும். மூக்கருகே கொண்டுபோனால், வெளுத்து உலர்த்திய வேட்டியின் வாசனை. அது வேட்டிதான் ஒரு வகையில். 1959-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. மரக்கூழ் இல்லாமல் பருத்தி வெட்டுத்துணியிலிருந்து தாள் எடுக்கிறார்கள். துணியைத் துண்டு துண்டாக நறுக்கி, தண்ணீரில் போட்டு மணிக்கணக்காக அரைக்கிறார்கள். தோசை மாவை விடத் தளர்வான பதத்துக்கு வந்ததும், தொட்டியில் கலக்கி, சல்லடைச் சட்டத்தை உள்ளே இறக்கித் தூக்குகிறார்கள். தண்ணீர் வடிந்து சட்டத்தின் மேல் ஒரு படலம் நிற்கும். தூக்கிய கையோடு சட்டத்தை முன்னும் பின்னும் இலேசாக ஓர் ஆட்டு ஆட்டவேண்டும். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது அந்த ஆட்டில்தான். பிறகு படலத்தைத் துணியின் மேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, கொடியில் காயப் போடுவார்கள்.

இதில் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பசை ஏற்றாத தாளில் மைப்பேனாவால் எழுதினால் எழுத்துக்கு மயிர் முளைத்துவிடும். ‘அ’ கம்பளிப் பூச்சியாகும். பரிசுப் பொருள் சுற்ற விற்கும் தாளும் எழுதும் தாளும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். பழைய ஆட்கள் நாக்கு நுனியை ஓரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சட்டென்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் எழுத ஆகாது. ஈரம் மேலேயே நின்றால் பசை ஏற்றிய தாள். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பியிருக்கும்போது செய்யவேண்டிய சோதனை.

நாக்கு என்றதும் பேனாவின் நாக்கு ஞாபகம் வருகிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டைக்கு நாக்கு என்றுதான் பெயர். அதன் மேல் ஒரு மெல்லிய வாய்க்கால் ஓடும். மை அதன் வழியாக இறங்க, காற்று அதன் வழியாக ஏறும். ஏறுவதும் இறங்குவதும் சமமாக இருக்கிறவரை பேனா ஒழுங்காக எழுதும். பேனாவில் மை பாதிக்குக் கீழே போனால் வினை ஆரம்பம். காலியான இடத்தில் இருக்கும் காற்று கையின் சூட்டில் விரிந்து மையை வெளியே தள்ளும். பேனா கக்குது என்போம். கட்டுரையின் நடுவில் ஒரு பெரிய பொட்டு விழும். சட்டைப்பையில் நீலச் சூரியன் உதிக்கும். இது காற்றின் வேலை என்று தெரியாமல் பேனாவைத் திட்டினோம். வீட்டில் எங்களைத் திட்டினார்கள்.

மை தீர்ந்துபோனால் பக்கத்தில் இருப்பவனிடம் கடன். அவன் தன் பேனாவை உதறி மரபெஞ்சின் மேல் சொட்டு விடுவான். நாம் நம் பேனாவைத் திறந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் அந்தச் சொட்டை உறிஞ்சி எடுக்கவேண்டும். ஐந்து சொட்டுக்கு ஐந்து சொட்டு திருப்பித் தந்தாகவேண்டும். வட்டி கேட்ட ஒருவன் இருந்தான், அவன் இப்போது பைனான்ஸ் நடத்துகிறான் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். உண்மையில் அவன் வாத்தியாராகிவிட்டான். வாசல் ஓரத்துப் பெட்டிக்கடையில் பில்லர் கணக்கில் மை விற்றார்கள். ஒரு பில்லர் அஞ்சு காசு. கேமல், பிரில் புட்டிகள் கடைக்காரரின் பின்னால் மிட்டாய் ஜாடிகளோடு வரிசையாக நிற்கும். ஜாடியில் கை விடுவதா, புட்டியில் பில்லர் விடுவதா என்பது அன்றைக்கு என்னிடம் இருக்கும் அஞ்சு காசின் பிரச்சினை.

அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். ராயல் புளூவைத் தொட விடமாட்டார். தண்ணீர் பட்டால் போய்விடுமாம். கடுதாசிக்கு நீலக்கறுப்புதான் என்பார். தபால்காரர் சைக்கிளில் வருகிறவர், மழையில் நனைவார், பை நனையும், உள்ளே இருப்பவர்களின் சுகதுக்கம் எல்லாம் கரைந்து ஒரே நீலமாகப் போய்ச் சேரும் என்று விளக்கம் வேறு. அப்பாவுக்கும் முந்தைய ஆள் தாத்தா. அவர் காலத்தில் கடுக்காயை இடித்து ஊறவைத்து, அன்னபேதி போட்டு வீட்டிலேயே மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் இருக்கும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டுக் காய்ந்த பிறகு கறுக்கும். தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. தாளின் ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது, எழுத்து அப்படியே இருக்கிறது. யாரோ ஏழு மரக்கால் நெல் பாக்கி.

அப்பாவிடம் ஒரு ஹீரோ பேனா இருந்தது. சீனப் பேனா, தங்க நிற மூடி, நிப்பு முக்கால்வாசி உள்ளே ஒளிந்திருக்கும். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட மட்டும் எடுப்பார். மற்ற நாட்களில் அலமாரியில் துணிக்குள் படுத்திருக்கும். அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போகும் முக்கால் மணி நேரம் அது என்னுடையது. சொரசொரவென்று இழுக்கும் என் பள்ளிக்கூடப் பேனாவுக்குப் பழகிய கைக்கு, அது எண்ணெய் தடவிய வழுக்குமரம். சுழிகள் தானாக வந்தன. ‘ழ’வுக்கு நான் போட்ட வாலைப் பார்த்து நானே மயங்கினேன். எழுத ஏதாவது வேண்டுமே என்று தவிப்பாக இருக்கும்.

எதிர்வீட்டு ஆச்சிக்கு எழுதக் கடுதாசி இருந்தது.

ஆச்சியின் ஒரே மகன் தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது அப்போது பம்பாயில் இருப்பார். எனக்கு அவர் பம்பாய் மாமா. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதம் ஒரு தடவை இன்லண்டு லெட்டர் வாங்கிக்கொண்டு என்னைத் தேடி வருவாள். அவள் அதை இங்கிலாந்து லெட்டர் என்பாள். தெருவே அப்படித்தான் சொன்னது. 1950-இல் தபால் இலாகா அதைக் கொண்டுவந்தபோது, எங்கள் ஆச்சிமார் அதை இங்கிலாந்துக்கு எழுதிவைத்துவிடுவார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள். வெளிர்நீலத் தாள், மடித்தால் அதுவே உறை. உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று வெளியே அச்சடித்திருக்கும். ஆச்சி ஒவ்வொரு தடவையும் உள்ளே அம்மன் கோயில் திருநீற்றை ஒரு சிட்டிகை தூவித்தான் ஒட்டுவாள். சட்டம் இங்கிலீஷில் இருந்தது.

கார்டு 15 காசுதான். ஆச்சி கார்டு வாங்கமாட்டாள். கார்டைத் தபால்காரர் வாசிப்பார், பம்பாயில் இன்னொரு தபால்காரர் வாசிப்பார். நல்லதுக்கு மஞ்சள் தடவியும் சாவுக்குக் கறுப்புத் தடவியும் வருவது கார்டு. கறுப்புத் தடவியதை வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் கொண்டுபோகமாட்டார்கள். அதனாலேயே ஆச்சிக்குக் கார்டைக் கண்டால் ஆகாது.

திண்ணையில் உட்கார்ந்ததும் முதலில் ‘உ’. பிறகு தேதி, ஊர். பிறகு, “மொதல்ல சொகம்னு போடுடே.”

“போட்டாச்சு ஆச்சி. நலம், நலமறிய ஆவல்.”

“அவ்வளவுதானா? நா சொகமா இருக்கேன், கோழி சொகமா இருக்கு, செவலை கன்னு போட்டிருக்குன்னு தனித்தனியாப் போடு. அப்பத்தான் அவனுக்கு நம்பிக்கை வரும்.”

நலம் நலமறிய ஆவலைப் பிற்காலத்தில் நாங்கள் கேலி செய்தோம், கல்லூரியில் அதற்கு ஒரு பாட்டே கட்டினோம். இப்போது தோன்றுகிறது, அந்த வரி எழுதி முடிப்பதற்குள் கை சூடாகும், மை ஒழுங்காக இறங்கும், என்ன சொல்ல வந்தோம் என்பது நினைவுக்கு வரும். அந்த வரிக்குப் பிறகு ‘இப்பவும்’ என்று ஒரு சொல் வரும். அதற்கு எந்த அகராதியிலும் சரியான அர்த்தம் கிடையாது. விஷயத்துக்கு வந்தாயிற்று, நிமிர்ந்து உட்கார் என்று வாசிப்பவருக்குச் சொல்கிற சொல்.

ஆச்சி சொல்லும் வேகத்துக்கு எழுத முடியாது. நடுவில் வெற்றிலை துப்ப எழுந்துபோவாள், அங்கிருந்தும் சொல்லிக்கொண்டே இருப்பாள். குளத்தில் தண்ணீர் இல்லை. கீழவீட்டுக்காரர்கள் வரப்பை வெட்டிவிட்டார்கள். அனுப்பிய ஐம்பது ரூபாய் வந்தது, தபால்காரருக்கு ஒரு ரூபாய் கொடுத்தேன். இதை எழுதினேன் இல்லையா, வாசி. வாசிப்பேன். தலையை ஆட்டுவாள். தான் சொன்னது தாளிலிருந்து திரும்பக் கேட்பதில் அவளுக்கு ஓர் ஆச்சரியம், ஒவ்வொரு மாதமும்.

ஒட்டியாயிற்றா, விலாசம். அதற்கு மட்டும் அப்பா வந்து மேற்பார்வை பார்ப்பார். முன்பு பம்பாய்-17 என்று போட்டால் போதும். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்த பிறகு, அந்தப் பதினேழுக்கு முன்னால் நான்கு எண் சேர்ந்து 400017 ஆயிற்று. மயிலாப்பூர் மெட்ராஸ்-4 என்பது 600004 ஆனதும் இப்படித்தான். பழைய எண் புதிய எண்ணின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. அப்பாவுக்கு இந்த மாதிரி விஷயங்களில் அளவில்லாத சந்தோஷம்.

வருகிற கடுதாசிகளுக்கு என்று ஆச்சி வீட்டு உத்திரத்தில் ஒரு கம்பி தொங்கியது. மேல்நுனி கொக்கி, கீழ்நுனியில் ஒரு வட்டக் கட்டை. கடுதாசியை வாசித்து முடித்ததும் கொக்கி வழியே நடுவில் குத்தி இறக்கிவிடவேண்டும். எல்லார் வீட்டிலும் இருந்தது. மின்சார பில், கூட்டுறவுச் சங்க நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, மகன் எழுதியது எல்லாம் ஒரே கம்பியில். எந்தக் கடிதத்தை எடுத்து விரித்தாலும் நடுவில் ஓர் ஓட்டை. அந்த இடத்தில் இருந்த எழுத்து என்னவென்று முன்பின் பார்த்து யூகித்துக்கொள்ள வேண்டியதுதான். அழகான அலமாரி, அரக்கு முத்திரை எல்லாம் நாங்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை.

நான் மதிக்கிற கடிதக்காரர்கள் யாரும் நல்ல தாளைத் தேடியவர்களாகவும் தெரியவில்லை. தாமிரபரணித் தண்ணீரில் கடிதம் எழுத வைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதியவை ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக இருக்கிறது. அதில் காதலுக்குப் பக்கத்திலேயே பணக்கஷ்டம் உட்கார்ந்திருக்கும். ராஜவல்லிபுரத்து வல்லிக்கண்ணன், எழுதியவர் யாராக இருந்தாலும் பதில் போடுபவர் என்று பெயர் வாங்கியவர். முதல் கதை அச்சான பையனுக்கும் அவரிடமிருந்து பதில் வரும் என்பார்கள். வண்ணதாசனின் கடிதங்கள் ‘எல்லோர்க்கும் அன்புடன்’ என்று தொகுப்பாகவே வந்துவிட்டன. அச்சில் வந்ததும் எல்லாக் கடிதத்துக்கும் ஒரே எழுத்துரு, ஒரே தாள். கோபத்தில் நிப்பு அழுந்திய இடமும், இடம் போதாமல் ஓரத்தில் ஏறி எறும்பு வரிசையாக ஓடிய வரிகளும் அச்சுக்கு வராது. எனக்கு எப்போதும் அந்த எறும்பு வரிசைதான் வேண்டியிருக்கிறது. சொல்லவேண்டியதை எல்லாரும் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

இதை நான் தெரிந்தே சொல்கிறேன். ஒரு மாதம் ஆச்சி வந்தபோது அப்பா ஆற்றில் இருந்தார், என் கையில் ஹீரோ பேனா. அன்றைக்கு என் கையெழுத்துக்கு நானே ரசிகன். ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக, வாலும் சுழியுமாக வளர்த்தேன். செவலை, கன்று, வரப்பு, ஐம்பது ரூபாய், எல்லாம் கோலம் மாதிரி வந்தது. கடைசிப் பத்தியில் விரற்கடை இடம் இருக்கும்போது ஆச்சி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னாள்:

“கண்ணு ரெண்டும் பூத்துப்போன மாதிரி வருதுடே. இந்தக் கொடைக்கு வந்தாம்னா மொகத்த ஒரு தடவ தெளிவாப் பாத்துக்கிடுவேன்னு எழுது.”

இடம் இல்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம். தாளைத் திருப்பிப் பிடித்தால் நாலு வரி தாராளமாக அடங்கும். ஆனால் கோலம் கெட்டுவிடும். நான் ‘மற்றவை நேரில்’ என்று எழுதி, கீழே ஒரு நெளிகோடு இழுத்தேன். ஆச்சி வாசிக்கச் சொன்னாள். எழுதியதை எல்லாம் வாசித்து, எழுதாததையும் சேர்த்து வாசித்தேன். தலையை ஆட்டினாள். திருநீறு தூவி, எச்சில் தொட்டு ஒட்டினாள்.

அந்த அம்மன் கோயில் கொடைக்கு மாமா வரவில்லை. அடுத்த கொடைக்கும் வரவில்லை. அதற்குள் ஆச்சி நிழலை வைத்து ஆளைச் சொல்லும் நிலைக்கு வந்திருந்தாள். பிறகு ஒரு கண் முகாமில் மதுரைக்கு வேனில் கூட்டிப்போய், ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். அந்த ஒரு கண்ணால் மகனைப் பார்த்தாள். பெரிய சோகம் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம்.

தொண்ணூறுகளில் பஜாரில் மஞ்சள் போர்டு வைத்த எஸ்டிடி பூத் வந்தது. ஆச்சி ரிசீவரைக் கவிழ்த்துப் பிடித்து, சொகமா சொகமா என்று மூன்று தடவை கேட்பதற்குள் மீட்டரில் சிவப்பு எண் ஓடி அவளைப் பயமுறுத்திவிடும். கோழியும் கன்றும் அந்தப் பேச்சில் ஏறவே இல்லை. இன்லண்டு லெட்டரோடு என்னைத் தேடி வருவது நின்றது. நானும் அதற்குள் ரீஃபில் பேனாவுக்குப் போயிருந்தேன்.

நல்ல பேனா, நல்ல தாள் என்று நான் வாங்க ஆரம்பித்தது சம்பளம் கைக்கு வந்த பிறகு. திருவள்ளூரில் எபோனைட் கட்டையைக் கையால் கடைந்து செய்த பேனா ஒன்று இருக்கிறது. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்து இறுக்கிய பொருள் அது. கையில் வைத்துத் தேய்த்தால் இன்றைக்கும் தீபாவளி மறுநாள் தெரு மாதிரி வாசனை வரும். பாரிமுனை ஜெம் அண்ட் கோவில் நின்று நிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த சாயங்காலங்கள் உண்டு. இதெல்லாம் சுகம்தான், மறுக்கமாட்டேன். புதுப் புட்டியைத் திறந்ததும் மேலே மிதக்கும் செம்பு நிற மினுக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிரச்சினை, இவ்வளவு நல்ல தாளில் எழுதும் அளவுக்கு எந்த விஷயமும் எனக்குப் பெரிதாகத் தெரியாமல் போனது. செவலை கன்று போட்டதை எப்படி அதில் எழுதுவது?

போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் பம்பாய் மாமாவைப் பார்த்தேன். எண்பதை நெருங்குகிறார். மண்டபத்து நாற்காலியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்தார். வெளிர்நீலம் பழுத்து மண் நிறமாகியிருந்தது. ஒன்றிலும் ஓட்டை இல்லை. தாராவி அறையில் கம்பி தொங்கவிட இடமில்லையாம், டிரங்குப் பெட்டிக்கு அடியிலேயே வைத்திருக்கிறார். மடிப்புகளில் இன்னும் கொஞ்சம் சாம்பல் நிறத் தூள்.

“எல்லாம் உன் கையெழுத்துடே,” என்றார். ஒன்றை விரித்துக் காட்டினார். வாலும் சுழியுமாக, பெரிய பெரிய எழுத்து. நீலக்கறுப்பு, மங்கவே இல்லை.

“இதுல என்னமோ மற்றவை நேரில்னு இருக்கே, அது என்னது? ஊருக்கு வந்தப்ப கேட்டேன், அவளுக்கு ஞாபகம் இல்லைன்னுட்டா.”

எனக்கும் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு எழுந்தேன்.

அதற்கப்புறம் இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்த விரற்கடை இடம்தான் தெரிகிறது. அவர் செல்போன் எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டு வைத்துவிட்டேன். இன்றைக்குக் காலையில் உட்கார்ந்தேன். ‘உ’ போட்டேன். நலம், நலமறிய ஆவல். இப்பவும். முதல் தாளில் பேனா கக்கிவிட்டது. மை பாதிக்குக் கீழே இருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டாவது தாளில், ஆச்சி அன்றைக்குச் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதினேன். நான் அதை ஏன் எழுதாமல் விட்டேன் என்பதை மூன்றாவது தாளில். ஓரத்தில் ஏறி எழுதவேண்டி வரவில்லை.

பருத்தித் தாள் கனம். 20 கிராமைத் தாண்டுமோ என்று தபாலாபீஸில் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். தாண்டவில்லை, 5 ரூபாய் ஸ்டாம்பு போதும் என்றார் அந்த அம்மா. பின்கோடு சரியாகப் போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டேன். இழுப்பறையில் பத்தொன்பது தாளும் இருபத்து நான்கு உறையும் மிச்சம்.